வடக்கு ஜன்னல்

மேலகரம்,
8 அக்டோபர் 2022

தம்பி குற்றாலிங்கத்துக்கு அக்கா இசக்கிச்செல்வி எழுதுவது.

இங்கே அம்மா, நான், உன் அத்தான் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால்தான் இந்த வீட்டில் சோறு ஒழுங்காக இறங்கும். அதனால் முதலில் அதை எழுது. மற்றக் கதையெல்லாம் பிறகு.

மேலே பனிமலையில் எல்லைக் காவல் போஸ்ட்டுக்கு ஏற்றுகிறார்கள், இனி ஆறு மாதம் போன் கிடையாது, கடிதம்தான் என்று நீ சொன்னதும் நான் அழுதேன். அம்மா அழவில்லை. "போன்ல பேசுனா காத்தோட போயிருது. காயிதம்னா தலமாட்டுல வச்சுக்கிடலாம்லா" என்கிறாள். ஒரு எழுத்து படிக்கத் தெரியாதவளுடைய பேச்சைப் பார்.

குற்றாலத்தில் சீசன் முடிந்து கடைக்காரர்கள் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டார்கள். மலை காலையில் தெரிகிறது, மத்தியானத்துக்கு மேல் காணோம். அம்மாவுக்கு இழுப்பு இன்னும் வரவில்லை. ஐப்பசி பிறந்தால் எப்படியும் வரும், இன்ஹேலர் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பழைய அகப்பாட்டு நடத்துகிறேன். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற காற்றுக்கு வாடை என்று பேர். தலைவன் போருக்குப் போய்ப் பாசறையில் கிடப்பான், தலைவி வீட்டில் கிடப்பாள், நடுவே இந்தக் காற்று இரண்டு பேரையும் போட்டு வாட்டும். பதினோரு வருடமாக இதையே நடத்துகிறேன். இந்த வருடம்தான் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டேன். வேல்விழி என்று ஒரு பிள்ளை எழுந்து, "தண்ணி வேணுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் அப்பியிருப்பது அம்மாவின் கட்டைவிரல். மஞ்சள் வைக்காத கடிதம் இந்த வீட்டிலிருந்து போகக் கூடாதாம். என் எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது, திட்டாமல் படி.

அம்மா சொல்லச் சொன்னது: "ஏலே, முகம்மது சலீம் கடையில வாங்குன குல்லாவப் போட்டியா? காத மூடு. முந்திரிக்கொத்து அனுப்பிருக்கேன். எல்லாருக்கும் குடுத்துட்டு நீ சும்மா இருந்திராத."

உன் அக்கா,
இசக்கிச்செல்வி


30 அக்டோபர் 2022
(இடத்தின் பெயர் எழுத அனுமதி இல்லை)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, இரண்டு தடவை எழுதிவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம்.

முந்திரிக்கொத்து வந்தது. குளிரில் கல்லாகிவிட்டது. சுத்தியலால் உடைத்து, அடுப்பின் மேல் காட்டி, எட்டுப் பேர் தின்றோம். இங்கே என்னோடு நம்ம மாவட்டத்துத் திருவேங்கடத்துக்காரன் மணிமுத்து இருக்கிறான். கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்தவன், இந்தப் பனியைப் பார்த்து முதல் நாளே "இது நமக்கு ஆகாதுலே" என்றான். யாருக்குத்தான் ஆகும்.

பாதை நவம்பர் நடுவில் மூடிவிடும். அதற்குப் பிறகு வானம் தெளிந்த நாளில் ஹெலிகாப்டர் வந்தால் மண்ணெண்ணெயும் மாவும் தபாலும் போடும். அதில் ஏறிக் கீழே போக இடமெல்லாம் அடிபட்டவர்களுக்குத்தான்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. போன குளிர்காலத்தில் இதே போஸ்ட்டில் வடநாட்டு மலைக்காரன், ஒரு கட்வால்காரன் இருந்திருக்கிறான். அப்பா இறந்துவிட்டார் என்று வீட்டிலிருந்து கடிதம் வந்ததாம். படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிறேன் என்று பனிக்குள் நடந்துவிட்டான். மூன்றாம் நாள் உடம்பைத்தான் எடுத்தார்கள். அவன் படுத்த இடத்தில்தான் நான் படுக்கிறேன்.

நீ எழுதிய வாடையைப் பற்றி மணிமுத்துவுக்குச் சொன்னேன். இங்கே எந்நேரமும் அடிப்பது அதுதான். அம்மாவிடம் சொல்: வடக்கேயிருந்து அங்கன வருகிற காற்றெல்லாம் முதலில் என் மேல் பட்டுவிட்டுத்தான் வருகிறது, செலவில்லாமல் மகனைத் தொட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பாட்டில் போனவன் திரும்பி வருவானா?

உன் தம்பி,
குற்றாலிங்கம்


மேலகரம்,
12 நவம்பர் 2022

தம்பிக்கு,

கடிதம் வந்த அன்று அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். கட்வால்காரனை மூன்று தடவையும் தாண்டிப் படித்தேன். எனக்குள் மட்டும் தாண்ட முடியவில்லை. நாங்கள் சௌக்கியம். அம்மாவுக்கு லேசாக இழுப்பு, பயப்படும்படி இல்லை.

இங்கே விடாத மழை. ஐந்தருவியில் குளிக்க விடவில்லை.

போனவன் வருவானா என்று கேட்டாய். மழைக்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவான். மழை வந்துவிடும், அவன் வர மாட்டான். தலைவி உடைந்துபோவாள். அப்போது தோழி ஒரு பொய் சொல்வாள். இது அந்த மழை இல்லையடி, ஏதோ தப்பிப் பெய்கிறது, மரத்துக்கு அறிவில்லை, ஏமாந்து பூத்துவிட்டது, அவன் சொன்ன காலம் இன்னும் வரவில்லை என்பாள். கண்ணெதிரே மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

இதை நடத்தியதும் வேல்விழி, "தலைவி அத நம்பினாளா டீச்சர்?" என்றாள். பாட்டில் அது இல்லை, பரீட்சையிலும் வராது என்று உட்கார வைத்தேன்.

அம்மா சொல்லச் சொன்னது: "நீ சொன்ன காத்து வந்துச்சுலே. குல்லாவக் கழத்தாத. இறங்கி வந்ததும் பொண்ணு பாக்கணும், கருத்துப் போயி வராத."

உன் அக்கா,
இசக்கிச்செல்வி


மேலகரம்,
23 நவம்பர் 2022
(அனுப்பாதது)

குற்றாலிங்கம்,

அம்மா போய்விட்டாள் லே.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. தென்காசியில் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தோம். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். சித்தப்பா மகன் பாண்டிராஜ் உன் இடத்தில் நின்று கொள்ளி வைத்தான். சனிப் பிணம் தனியாகப் போகாதாம், துணைக்கு ஒரு தேங்காயைக் கட்டி அனுப்பினார்கள். மழையில் சிதை பிடிக்கவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். உனக்கு ஹெலிகாப்டரில் வருகிற அதே மண்ணெண்ணெய்.

அத்தான் உன் யூனிட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பேசியவர் நல்ல மனிதர். பாதை மூடிவிட்டது, வானிலை மோசம், ஹெலிகாப்டர் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது, வந்தாலும் இறக்குவது கஷ்டம் என்றார். பிறகு, "வயர்லெஸ்ஸில் அவனுக்குச் சொல்லட்டுமா, வேண்டாமா, முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். எனக்கு அந்தக் கட்வால்காரன்தான் தெரிந்தான். அவன் படுத்த இடத்தில் நீ.

வேண்டாம் என்றேன். சித்தப்பா, "மகனுக்குச் சொல்லாம எப்படிட்டீ?" என்று கத்தினார். அந்த ஒரு சொல்லை நான்தான் சொன்னேன், பழியும் எனக்குத்தான்.

இன்னொன்று இருக்கிறது. நீ விளையாட்டாக ஒரு வரி எழுதினாயே, காற்று உன் மேல் பட்டுவிட்டு வருகிறது என்று. அம்மா அன்றைக்கே கட்டிலை வடக்கு ஜன்னலோரம் இழுத்துப்போட்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டாள். சாத்தப் போனால், "ஏட்டி, எம்புள்ள மேல பட்டுட்டு வருது, அதப் போயி சாத்துதியே" என்கிறாள். நான் சிரித்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன், எந்தப் பாட்டிலும் இல்லாத கவிதை எங்கள் அம்மா வாயில் வந்துவிட்டது என்று. சாத்தியிருக்க வேண்டும். இழுப்புக்காரி. அழகாக இருக்கிறதே என்று நாலு ராத்திரி விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் காய்ச்சல்.

தமிழ் படித்து நான் கண்டது இதுதான்.

இந்தக் கடிதத்தை அனுப்ப மாட்டேன். பதினாறு கழியும்வரை மஞ்சளையும் தொட மாட்டேன், தீட்டு. அம்மா இருந்தால் மஞ்சள் இல்லாமல் கடிதமா என்று பிடுங்கி வைத்துக்கொள்வாள்.

அக்கா


மேலகரம்,
28 நவம்பர் 2022

தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. திருக்கார்த்திகைக்கு அம்மா விளக்குகளைக் கழுவிக் காய வைத்திருக்கிறாள். அவளுக்கு இழுப்பு குறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை வரப்போகிறது, வினாத்தாள் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் இது சின்னக் கடிதம், கோபித்துக்கொள்ளாதே.

அம்மா சொல்லச் சொன்னது: "ஓடு நனையுது, மரம் நனையுது, ஒன்ன நெனச்சு நானும் நனையுதேன்லே."

உன் அக்கா,
இசக்கிச்செல்வி


6 ஜனவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? சாப்பிடுகிறாயா? இந்தத் தடவை உன்னைத்தான் முதலில் கேட்கிறேன்.

உன் நவம்பர் 28 கடிதம் டிசம்பர் 21-ல்தான் வந்தது. இருபது நாள் ஹெலிகாப்டர் இல்லை. இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. நான் மொட்டை போட்டிருக்கிறேன். குளிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் தலைமுடி எதற்கு? மணிமுத்துதான் மழித்துவிட்டான், இரண்டு இடத்தில் வெட்டுக்காயம். அவன் ஆட்டுக்கு மயிர் கத்தரித்தே பழகியவன் போல.

அம்மா கவிதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாளே. உன்னோடு சேர்ந்து கெட்டுவிட்டாள். நனைய வேண்டாம் என்று சொல். அடுத்த கடிதத்திலும் அம்மா சொன்னதை விடாமல் எழுது. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் தம்பி,
குற்றாலிங்கம்


மேலகரம்,
20 ஜனவரி 2023

தம்பிக்கு,

நாங்கள் சுகம். மொட்டைத் தலையோடு அந்தக் குளிரிலா? உனக்குப் புத்தி இருக்கிறதா? மணிமுத்துவுக்குத்தான் இருக்கிறதா?

பொங்கல் நன்றாக நடந்தது. வாசலில் கோலம், கரும்பு, எல்லாம். பானை வடக்கே பார்த்துப் பொங்கியது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. மார்கழி பூராவும் இங்கே நல்ல குளிர். காலையில் பஸ்ஸில் போகும்போது தென்காசிக் கோபுரத்தின் பாதிதான் தெரியும், மேல் பாதியைப் பனி தின்றிருக்கும்.

பள்ளிக்கூட மலருக்கு ஒன்று எழுதினேன். பிள்ளைகள் படிக்கிற மலரில் இவ்வளவு அழுகை வேண்டாம் என்று தலைமையாசிரியை அகிலாண்டேஸ்வரி திருப்பிக் கொடுத்துவிட்டார். நீயாவது படி.

வடக்கேயிருந்து வருகிற காற்றே,
அவன் மேல் பட்டுவிட்டுத்தான் வருகிறாய் என்றால்
சாத்த மாட்டேன்.
உள்ளே வா.
குளிர்ந்தால் குளிரட்டும்.

அம்மா சொல்லச் சொன்னது: "பனி எறங்குன புல்லப் பாத்தா ஒன் பால்பல்லு நெனப்பு வருதுலே. மிதிக்க மனசு வரல, சுத்திக்கிட்டுப் போறேன்."

உன் அக்கா,
இசக்கிச்செல்வி


19 பிப்ரவரி 2023

அக்காவுக்கு,

நலம். கவிதையைப் படித்தேன். மணிமுத்துவுக்கும் படித்துக் காட்டினேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அம்மாவிடம் சொல்: புல்லை மிதித்தே போகட்டும். சுற்றிப் போனால் கால் வலிக்கும்.

விரல் சொல்கிறபடி கேட்கவில்லை, அதனால் இவ்வளவுதான். நீ தூங்குகிறாயா?

குற்றாலிங்கம்


மேலகரம்,
12 மார்ச் 2023

தம்பிக்கு,

நலம்.

உன் பிப்ரவரிக் கடிதம் நாலே வரி. விரலுக்கு என்ன? டாக்டர் இருக்கிறாரா? ஒளிக்காமல் எழுது. ஒளிப்பது எனக்குப் பிடிக்காது என்று எழுதப் போனேன், எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

பங்குனி உத்திரத்துக்கு இந்த வருடம் சாஸ்தா கோயிலுக்குப் போவதாக இல்லை. அத்தானுக்கு லீவு இல்லை.

பாதை எப்போது திறக்கும்? நீ கீழே இறங்கியதும் போன் பண்ணாதே, எழுது. இல்லை, போன் பண்ணு. எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அம்மா தூங்குகிறாள், எழுப்பவில்லை. அதனால் இந்தத் தடவை அவள் வரி இல்லை.

உன் அக்கா,
இசக்கிச்செல்வி


18 ஏப்ரல் 2023
கீழ் முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

இறங்கிவிட்டேன். உயிரோடு இருக்கிறேன். வலது கையில் இரண்டு விரல் நுனி கறுத்திருந்தது, எடுத்துவிட்டார்கள். வலி இல்லை. நீ நலமா என்று கேட்க மாட்டேன், நலமில்லை என்று தெரியும்.

இங்கே போன் இருக்கிறது. மூன்று தடவை உன் நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். இதைப் பேச முடியாது, எழுதத்தான் முடியும்.

அக்கா, எனக்கு டிசம்பர் 21-ஆம் தேதியே தெரியும்.

உன் கடிதத்தைப் பிரித்தேன். நாலு மூலையும் வெள்ளை. திருப்பிப் பார்த்தேன், உறையைப் பார்த்தேன், எங்கேயும் மஞ்சள் இல்லை. அம்மா உயிரோடு இருக்கும்போது அப்படி ஒரு கடிதம் வீட்டைத் தாண்டாது. பிறகு கடைசியில் அம்மா சொன்னதாக ஓடு, மரம் என்று எழுதியிருந்தாய். அம்மா குல்லாவைக் கேட்கவே இல்லை. அக்கா, நான் பட்டாளத்துக்கு வந்த எட்டு வருடமாக அவள் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

நானும் நடந்தேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். நூறு அடி போயிருப்பேன். மணிமுத்து பின்னாலேயே வந்து இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பனியில் விழுந்தான். "எங்கன போறே? ஏலே, எங்கன போறே?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான். கையுறை அங்கேதான் போனது. மறுநாள் பனியை உருக்கித் தலையில் ஊற்றி, மொட்டை போட்டுவிட்டான். எள்ளுக்கு எங்கே போவது, அரிசியைத்தான் இறைத்தோம். ஒரு காக்கா கூட இல்லாத இடம்.

பொங்கல் கடிதத்தில் மஞ்சள் வைத்திருந்தாய். நாலு மூலையிலும் அளந்து வைத்திருந்தாய், ஒரு எழுத்தும் மறையவில்லை. அதைப் பார்த்துத்தான் நன்றாக அழுதேன்.

தெரியும் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் நீ அம்மா சொன்னது என்று எழுதுவதை நிறுத்திவிடுவாய். அதற்காகத்தான் எழுதவில்லை. வேல்விழியிடம் சொல்: தலைவி நம்பவில்லை. நம்பியது போல இருந்தாள். தோழிக்கு வேறு என்ன செய்ய முடியும், பாவம்.

லீவு ஜூனில்தான் கிடைக்கும். மாற்று ஆட்கள் வரவில்லை. வந்துதான் என்ன செய்யப் போகிறேன் என்றும் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் கவிதையில் 'சாத்த மாட்டேன்' என்று இருக்கிறது. காற்று என் மேல் பட்டு வருகிறது என்று எழுதியது நான். அதை நம்பி அம்மா ஜன்னலைத் திறந்து வைத்தாளா? இழுப்போடு? டிசம்பரிலிருந்து நான் அழுதது ஒன்று, உன் கவிதைக்குப் பிறகு அழுவது வேறு. இதற்கு மட்டும் உண்மை சொல்.

இன்னொன்று. உன் அடுத்த கடிதத்திலும் அம்மா சொல்லச் சொன்னது என்று இரண்டு வரி எழுது. கவிதை வேண்டாம்.

உன் தம்பி,
குற்றாலிங்கம்


மேலகரம்,
2 மே 2023

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். விரல் போனதை நான் இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் ஆபீசில் கேட்டபோது உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னது உன்னைக் காப்பாற்ற. அது உன்னை நூறு அடி நடக்க வைத்து, இரண்டு விரலையும் வாங்கிவிட்டது. வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்லியிருந்தால் பக்கத்தில் நாலு பேரை நிறுத்திக்கொண்டு சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். மணிமுத்துவின் அம்மா இருக்கிற ஊருக்கு ஒரு நாள் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நாலு தாளைக் கிழித்தேன். நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அதனால் அவளையே சொல்லச் சொல்லியிருக்கிறேன். மூலையில் மஞ்சளை நன்றாக அப்பியிருக்கிறேன், எழுத்து மறைந்திருந்தால் வெயிலில் பிடித்துப் படி.

அம்மா சொல்லச் சொன்னது: "சன்னலச் சாத்திட்டுத்தாம்லே படுத்தேன். நீ குல்லாவப் போட்டியா?"

அக்கா